காளானுக்கு மாட்டிய ஏசி

பள்ளிச் சீருடை தைக்கும் அந்தக் கடையில் மாஸ்டர் என்றால் ஒரு பெண்மணி. வயது நாற்பத்து நான்கு. துணி வெட்டுகிறவருக்கு மாஸ்டர் என்று பெயர் வைத்தவர்கள் அதற்குப் பெண்பால் யோசிக்கவில்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் முதலாளி 'மாஸ்டரம்மா' என்று ஒரு நாள் கூப்பிட்டுப் பார்த்தார். ஏதோ மாஸ்டருடைய வீட்டுக்காரியைக் கூப்பிடுவது போல இருக்கிறது என்று மறுநாளே விட்டுவிட்டார். அன்றிலிருந்து வெறும் மாஸ்டர்தான்.

அவருடைய மேசை பன்னிரண்டு அடி நீளம். துணியை அறுபது அடுக்காக அதன்மேல் விரித்து, அட்டையில் வெட்டிய அளவை வைத்துச் சாக்கட்டியால் கோடு போட்டு, கரண்டில் ஓடும் கத்தியால் ஒரே மூச்சில் வெட்டிக்கொண்டு போக வேண்டும். கை நூல் அளவு விலகினால் அறுபது சட்டையும் விலகும். "ஒரு சட்டையைக் கெடுக்க டெய்லர் போதும். அறுபது சட்டையைச் சேர்த்துக் கெடுக்கணும்னா அதுக்கு மாஸ்டர் வேணும்" என்று அவரே சொல்வார்.

மாஸ்டருக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. முதலாவது, துணி வெட்டும் கத்தரி துணியைத் தவிர எதையும் தொடக் கூடாது. காகிதத்தை வெட்டினாலே அதன் வாய் மழுங்கிவிடும் என்பது அவர் கட்சி. இரண்டாவது, ஒரு சட்டை சரியாக உட்காரவில்லை என்றால் அளவில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் திருத்திப் பார்க்க வேண்டும். ஒரே நேரத்தில் தோளிலும், சட்டைக் கை பொருத்தும் கைக்குழியிலும் கை வைத்தால், சரியானது எதனால் என்று கடவுளுக்கும் தெரியாது.

போன வருஷம் உடம்பு பிசகியது. முதலில் வலது கை விரல்கள். எதைத் தொட்டாலும் உறை மாட்டிக்கொண்டு தொடுவது போல இருந்தது. அப்புறம் வலது கால். காலையில் ஒழுங்காக இருக்கும், மத்தியானம் ஆனால் அடம் பிடிக்கிற குழந்தை போல இழுத்துக்கொண்டு வரும். பெரிய ஆஸ்பத்திரியில் குகை மாதிரியான இயந்திரத்துக்குள் படுக்க வைத்துப் படம் எடுத்தார்கள். நரம்பு டாக்டரம்மா படத்தைப் பார்த்துவிட்டு, மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்றார். சுருக்கமாக எம்.எஸ்.

"நம்ம உடம்பைக் காக்க வேண்டிய படையே ஆள் தெரியாம நரம்பு மேல இருக்கற உறையைக் கடிச்சுடுது. அதான் சேதி போய்ச் சேர்றதுல தடுமாற்றம்" என்றார் டாக்டரம்மா.

மாஸ்டருடைய கணவர் ஃப்ரிட்ஜ், ஏசி பழுது பார்ப்பவர். அவருக்கு உடனே பிடிபட்டது. "இன்சுலேஷன் போச்சு. உள்ள காப்பர் இருக்கு, மேல தோல் இல்ல. அப்படித்தானே டாக்டர்?"

"அப்படியேதான்."

ஒரே தடவையில் புரிந்துகொண்ட பெருமையோடு அவர் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். வீட்டு வாசலுக்கு வந்ததும் வண்டியை நிறுத்திவிட்டுப் படியில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை.

மாஸ்டர்தான் வந்து தோளைத் தட்டினார். "எழுந்திருங்க. பத்தாவது படிச்சவ எம்.எஸ். வாங்கிட்டேன். யார் வீட்ல உண்டு?"

வாரம் ஒரு ஊசி என்று ஏற்பாடாயிற்று. முதல் ஊசியை ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆஸ்பத்திரியில் போட்டார்கள். அதிலிருந்து வெள்ளி தவறாமல் வீட்டிலேயே கணவர் போட்டுவிடுவார். ஊசி போட்ட மறுநாள் குளிரும், காய்ச்சலும், உலக்கையால் இடித்தது போல உடம்பு வலியும் இருக்கும். சனிக்கிழமையோ கடையில் வெட்டு நாள். டெய்லர்கள் அடுத்த வாரம் தைக்க வேண்டிய துணிக்கட்டுகளை அன்றைக்குத்தான் எடுத்துப் போவார்கள்.

ஆறு மாசம் முதலாளி பொறுத்துப் பார்த்தார். ஏழாவது மாசம் மேசைப் பக்கம் வந்து, சாக்கட்டியை எடுத்து உருட்டிக்கொண்டே பேசினார்.

"பள்ளிக்கூடம் திறக்கற ஆர்டர் வந்திருக்கு மாஸ்டர். அடுத்த மாசம் மூணாவது சனிக்கிழமை மொத்தத்தையும் ஒரே நாள்ல வெட்டியாகணும். நீங்க நின்னா நீங்க. முடியாதுன்னா சொல்லுங்க, ஒரு வாரத்துக்கு வெளியிலேர்ந்து ஒருத்தரைக் கூப்பிட்டுக்கறேன்."

"ஒரு வாரத்துக்கா?"

"ஒரே வாரத்துக்கு."

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. அவர் அந்த மேசைக்கு வந்ததும் ஒரே வாரத்துக்குத்தான். அது நடந்து இருபது வருஷம் ஆகிறது.

இந்த நேரம் பார்த்துத்தான் கணவருடைய அக்கா காளானோடு வந்து சேர்ந்தார்.

அக்கா முப்பது வருஷம் தபால் ஆபீஸில் பார்சல் வாங்கும் ஜன்னலில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். பாசம் அதிகம். பாசத்தைப் போலவே ஒட்டுகிற டேப்பும் அதிகம். அவர் வீட்டிலிருந்து ஒரு எலுமிச்சம்பழம் வந்தால்கூட நாலு சுற்று டேப் போட்டு, 'கவனமாகக் கையாளவும்' என்று எழுதித்தான் வரும். அன்றைக்கு வந்த பொட்டலத்தைப் பிரிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. உள்ளே மூன்று பொடி டப்பா, இரண்டு மாத்திரை டப்பா.

"இது சிங்கப்பிடரிக் காளான், நரம்புக்கு. இது ரெய்ஷி, நோய் எதிர்ப்புச் சக்திக்கு. இது புழு மேல முளைக்குமாம், தெம்புக்கு. இது மீன் எண்ணெய். இது வைட்டமின் டி, கொஞ்சம் ஸ்ட்ராங்கானது" என்று அக்கா அடுக்கினார். "போன்ல நரம்புக்காரங்க குழு ஒண்ணு இருக்கு, அதுல சேர்ந்திருக்கேன். ஒருத்தர் சக்கர நாற்காலியிலேர்ந்து எழுந்து மாடிப்படி ஏறிட்டாராம்."

"உங்களுக்குத்தான் நரம்புல ஒண்ணும் இல்லையே அண்ணி, உங்களை எப்படிச் சேர்த்தாங்க?"

"உன் ரிப்போர்ட்டைக் காட்டிச் சேர்ந்தேன். டாக்டர்கிட்ட மட்டும் இதைச் சொல்லிடாத. அவங்களுக்கு இதெல்லாம் பிடிக்காது."

கணவர் பொடியை நாக்கில் தொட்டுப் பார்த்தார். "பழைய ஃப்ரிட்ஜ் கதவுல இருக்கற ரப்பர் மாதிரி இருக்கு அக்கா."

"நீ அதை எதுக்குடா நக்கிப் பார்த்த?" என்றார் அக்கா. பிறகு டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். இருபத்தைந்து டிகிரிக்குக் கீழே, ஈரமில்லாத இடத்தில் வைக்கவும் என்று இருந்தது. "ஃப்ரிட்ஜ்ல வைக்கக் கூடாது, ஈரம் பிடிச்சுக் கட்டியாயிடும். ஏசி ரூம்லதான் வைக்கணும். உங்க வீட்ல ஏசி எங்க இருக்கு?"

நாலு தெருவுக்குக் குளிர் கொடுக்கிறவர் வீட்டில் மேலே சுற்றும் ஃபேன் ஒன்றுதான் இருந்தது. காற்றைவிடச் சத்தம்தான் அதிகம் வரும். ஐந்து வருஷமாக மாஸ்டர் கேட்டுப் பார்த்துவிட்டார். ஒவ்வொரு வருஷமும் கிடைத்த பதில், "பார்ப்போம்."

அக்கா கேட்டது வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், யாரோ வேண்டாம் என்று கழற்றிப் போட்ட ஏசி ஒன்று துடைத்து, பழுது நீக்கி, படுக்கையறைச் சுவரில் ஏறி உட்கார்ந்துவிட்டது. அதற்கு நேர் எதிரே ஒரு பலகை. பலகைமேல் காளான் டப்பாக்கள், முழுக் குளிரையும் முகத்தில் வாங்கிக்கொண்டு.

"நான் காளானாப் பொறந்திருக்கலாம்" என்றார் மாஸ்டர்.

கணவர் ரிமோட்டைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தார்.

மாஸ்டர் எதையும் அளக்காமல் நம்புகிறவர் இல்லை. அக்கா கொண்டு வந்தது என்பதற்காகச் சாப்பிட்டார், ஆனால் கணக்கு வைத்துக்கொண்டு சாப்பிட்டார். தினமும் காலையில் ஆறு மணிக்குப் பலகையிலிருந்து பொடியை எடுத்துக் கலக்கிக் குடித்துவிட்டு, அந்த அறையிலேயே சின்ன மேசையில் உட்காருவார். கழிவுத் துணி ஒன்றில் அட்டையை வைத்து, சட்டைக் கைக்குழியின் வளைவைக் கோடு போடுவார். மாஸ்டர்களுக்குக் கைக்குழிதான் பரீட்சை. நேர்க்கோட்டை யார் வேண்டுமானாலும் வெட்டலாம், அந்த வளைவில்தான் கை பொய் சொல்லும். கத்தரியால் வெட்டி, மறுபடி அட்டைமேல் வைத்து, எங்கே அதிகம் விலகியிருக்கிறது என்று ஸ்கேலால் அளந்து, அந்தத் துண்டிலேயே எழுதி ஆணியில் குத்துவார். தேதி, மில்லிமீட்டர், அன்றைக்கு உள்ளே போன மருந்து. 'ஊ' என்றால் ஊசி. 'கா' என்றால் காளான்.

முதல் துண்டில், அது ஏசி ஏறுவதற்கு முந்தின நாள், ஆறு மில்லிமீட்டர். இரண்டாவது வாரத்தில் நாலு. மூன்றாவது வாரத்தில் இரண்டு.

அக்கா துண்டுகளைக் கையில் விசிறி மாதிரி விரித்துப் பிடித்துப் போட்டோ எடுத்துக் குழுவில் போட்டார். நூற்றுப் பதினான்கு பேர் கை கூப்பினார்கள்.

"இனி எதுக்கு அந்த ஊசி?" என்றார் அக்கா. "ஊசியால என்ன கண்ட? சனிக்கிழமையானா போர்வைக்குள்ள நடுங்கறதுதான். காளானால என்ன கண்டன்னு ஆணியில தொங்குது."

அந்தப் பேச்சு மாஸ்டருக்கு உள்ளே இறங்கிவிட்டது. ஆர்டர் வெட்டும் சனிக்கிழமைக்கு முந்தின வெள்ளி ஊசியை விட்டுவிட்டால் காய்ச்சல் வராது. மேசை தன்னிடமே இருக்கும். காளானே போதும் என்றால் அப்புறமும் ஊசி வேண்டாம். கணவரிடம் சொன்னபோது அவர் முகம் சுருங்கியது.

"டாக்டரைக் கேட்காம எப்படிம்மா?"

"கேட்டா வேணாம்னா சொல்லப் போறாங்க? இன்னும் பத்து நாள் துண்டு ரெண்டுலயே நிக்கட்டும். நின்னா விடறேன். அளந்துட்டுத்தானே செய்யறேன்."

ஆனால் துண்டு நிற்கவில்லை. மூன்றாம் நாள் நாலு. நாலாம் நாள் ஏழு.

மாஸ்டர் முதலில் சந்தேகப்பட்டது கத்தரியை. எடுத்துப் பார்த்தால் வாயில் பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. பொட்டலம் கட்டுகிற டேப்பின் பசை.

"அண்ணி, இந்தக் கத்தரியை எடுத்தீங்களா?"

"ஒரே ஒரு தடவைதாம்மா. பார்சல் பிரிக்க."

மாஸ்டர் கண்ணை மூடித் திறந்தார். வேறு யாராவது என்றால் அந்த வாசற்படியை மறுபடி மிதித்திருக்க முடியாது. கத்தரியைச் சாணை பிடித்துக்கொண்டு வந்தார். மறுநாளும் ஏழுதான்.

அடுத்த சந்தேகம் பொடி. அந்த வாரம்தான் ஏசியில் கெபாசிட்டர் போய் அது நின்றுவிட்டிருந்தது. வெயில் உச்சத்தில் இருந்த காலம். கணவர் ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்தார். "பார்ட் வரட்டும், பார்ப்போம்" என்ற பழைய பதில் வீடு திரும்பியிருந்தது. பொடி சூட்டில் கெட்டிருக்கும் என்று அக்கா தீர்ப்புச் சொன்னார். சொன்னதோடு நிற்கவில்லை. புது டப்பா வரவழைத்து, ஏசி இருக்கும் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டு, தினமும் விடிந்ததும் ஒரு வேளைக்கான பொடியை மட்டும் மடித்து, பஞ்சு சுற்றி, டேப் போட்டு, பஸ் ஏறி வந்து கொடுத்துவிட்டுப் போனார். பொட்டலம் ஜில்லென்று இருந்தது. மாஸ்டர் அதை வேர்த்து ஒழுகும் கையால் வாங்கிக் குடித்துவிட்டு உட்கார்ந்து வெட்டினார்.

எட்டு.

ஆர்டருக்கு மூன்று நாள் இருக்கும்போது டாக்டரம்மாவைப் பார்க்கும் முறை வந்தது. மாஸ்டருக்குக் காரணம் தெரியாத பிசகு ஒன்று இருந்தால் தூக்கம் வராது. துண்டுகளை எல்லாம் நூலில் கோத்துப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

டாக்டரம்மா துண்டுகளை ஒவ்வொன்றாக மேசைமேல் வரிசை வைத்துப் பார்த்தார். அவரும் அளவு பார்த்துப் பிழைப்பவர்தான், மரியாதையாகப் பார்த்தார்.

"எத்தனையோ பேர் டைரி கொண்டு வந்திருக்காங்க. இப்படி ஒண்ணு பார்த்ததில்ல. 'ஊ' ஊசி, சரி. 'கா'ன்னா?"

"காலை" என்றார் கணவர்.

"காளான்" என்றார் மாஸ்டர், அதே நேரத்தில்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். மாஸ்டர் டப்பா பேர் எல்லாவற்றையும் சொன்னார். வெள்ளிக்கிழமை ஊசியை விட்டுவிட நினைத்திருந்ததையும் சொன்னார். டாக்டரம்மா திட்டவில்லை. கடைசி ஏழு துண்டுகளைத் தனியே நகர்த்தினார்.

"இந்தத் தேதியில என்ன மாறிச்சு?"

"ஒண்ணும் மாறல டாக்டர். அதே பொடி. அதே அளவு. கத்தரிகூடச் சாணை பிடிச்சாச்சு."

"வீட்ல?"

"வீட்ல ஒண்ணும் இல்ல. ஏசி ரிப்பேர். அது காளானுக்குப் போட்டது. காளானை இப்ப அண்ணி வீட்ல வெச்சிருக்கோம், அது குளிராத்தான் இருக்கு."

"காளான் குளிரா இருந்துச்சு. நீங்க?"

மாஸ்டர் துண்டுகளைப் பார்த்தார். ஏசி மாட்டிய தேதி, ஆறு நாலான தேதி, கெபாசிட்டர் போன தேதி. இருபது வருஷமாக ஊருக்கெல்லாம் சொன்ன சட்டம் முன்னால் வந்து நின்றது. ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் கை வைத்திருக்கிறார். ஏசியைக் காளான் பேரில் எழுதிவிட்டதால் அது தன் கணக்கில் வரவே இல்லை.

"இந்த நோயில நிறைய பேருக்குச் சூடு ஆகாது" என்றார் டாக்டரம்மா. "உறை போன நரம்புல, உடம்பு சூடானா சேதி இன்னும் தடுமாறும். ஆறினா பழையபடி வந்துடும். மத்தியானம் கால் இழுக்குதுன்னு சொன்னீங்களே, அதுக்கும் இது ஒரு காரணமா இருக்கலாம்."

கணவர் தலையைக் குனிந்துகொண்டார். "வயர் சூடானா ட்ரிப் ஆகற மாதிரி" என்றார் மெல்ல. "அஞ்சு வருஷமா கேட்டா டாக்டர். பார்ப்போம் பார்ப்போம்னேன்."

"ஏசி மருந்து இல்ல, நோய் அதனால போகாது. வேலை செய்யச் சௌகரியம், அவ்வளவுதான். காளானைப் பத்திக் கேட்டா, எலிக்குக் கொடுத்துப் பார்த்திருக்காங்க, மனுஷங்கள்ல சின்னச் சின்ன ஆராய்ச்சி. இந்த நோய்க்கு உதவும்னு சொல்ற அளவுக்கு இன்னும் ஒண்ணும் இல்ல. இன்னொண்ணு, எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும்னு போட்டிருக்கு. உங்க உடம்புல படைக்குப் பலம் குறைவில்ல, ஆள் தெரியாம அடிக்குது. அதுங்கிட்ட இன்னொரு கம்பு எடுத்துக் கொடுக்கறது நல்லதா கெட்டதான்னே தெரியாது. வைட்டமின் டி நானே எழுதியிருக்கேன். அது மேல இதுவும் சேர்ந்தா ரத்தத்துல கால்சியம் ஏறும். இன்னிக்கு ரத்தம் கொடுத்துட்டுப் போங்க, ஈரலையும் பார்த்துடலாம்."

"ஊசியால ஒண்ணும் தெரியலையே டாக்டர். துண்டுல வரலையே."

டாக்டரம்மா ஒரு துண்டின் ஓரத்தை நிமிண்டினார். நூல் பிரிந்து வந்தது. "சட்டைக்கு உள் பக்கம் ஓரம் அடிப்பீங்களே, அதுக்கு என்ன பேர்?"

"ஓவர்லாக்."

"அது அடிச்சா சட்டை அழகா தெரியுமா?"

"யார் கண்ணுக்கும் தெரியாது. அடிக்கலேன்னா பத்துத் துவைப்புல தெரியும்."

சொல்லி முடிக்கும் முன்பே மாஸ்டருக்குப் பதில் கிடைத்துவிட்டது. இருந்தாலும் சனிக்கிழமை மனசை விட்டுப் போகவில்லை. மேசை போய்விடும் என்று சொன்னபோது குரல் கொஞ்சம் இறங்கியது.

டாக்டரம்மா தன் பழைய சீட்டை வாங்கிப் பார்த்தார். "வாரம் ஒரு முறைன்னுதான் எழுதியிருக்கேன். வெள்ளின்னு எங்க எழுதியிருக்கு?"

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதல் ஊசி வெள்ளிக்கிழமை என்பதால் அடுத்ததும் வெள்ளி. ஏழெட்டு மாசமாக அது ஏதோ கல்வெட்டு என்று நினைத்துவிட்டார்கள்.

"கடை லீவு என்னிக்கு?"

"ஞாயிறு."

"சனி சாயங்காலம் போட்டுக்கோங்க. காய்ச்சல் மாத்திரை முன்னாடியே ஒண்ணு. இனிமே எல்லா வாரமும் அப்படியே."

திரும்பி வரும் வழியில் இரண்டு பேருக்கும் ஒரே கவலை. அக்காவிடம் யார் சொல்வது?

"நீதான் சொல்லணும்."

"உங்க அக்கா."

"அதனாலதான் சொல்றேன். நான் சொன்னா நான் பொண்டாட்டி பேச்சைக் கேட்கறவன்னு ஆகும்."

கடைசியில் மாஸ்டர்தான் சொன்னார். ஒளிக்காமல், துண்டுகளை வைத்து, டாக்டரம்மா காட்டியது போலவே காட்டினார். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசித் துண்டுவரை பார்த்தார். முகம் வாடிப் போயிற்று. விடிந்ததும் பஸ் ஏறி வந்த ஒவ்வொரு நாளும் அந்த முகத்தில் தெரிந்தது.

"அப்ப நான் கொண்டு வந்ததெல்லாம் வீண்."

"வீண்னு சொல்லல அண்ணி."

அக்கா டப்பாவைத் தள்ளி வைத்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒண்ணு கேக்கறேன். என் காளான் வரலேன்னா இந்த வீட்டுக்கு ஏசி வந்திருக்குமா?"

மாஸ்டர் கணவரைப் பார்த்தார். கணவர் ஃபேனைப் பார்த்தார்.

"வந்திருக்காது அண்ணி" என்றார் மாஸ்டர். அது சத்தியம்.

"அப்ப யாரால குணம்?" என்று கேட்டுவிட்டு அக்கா கண்ணாடியைக் கழற்றினார்.

வெள்ளிக்கிழமை கணவர் வேலைக்குப் போகவில்லை. கெபாசிட்டர் அன்றே வந்தது. ஐந்து வருஷத்துப் 'பார்ப்போம்' எல்லாம் ஒரு காலையில் தீர்ந்தது. ஏசியை வீட்டுச் சுவரிலிருந்து கழற்றிக் கடையில் வெட்டு மேசையின் தலைமாட்டில் மாட்டினார். இரண்டு பக்கமும் கனமான பிளாஸ்டிக் திரை தொங்கவிட்டுக் குளிரை மேசைக்குள் அடைத்தார். வீட்டுக்கு வேறொன்று திங்கட்கிழமைக்குள் வருகிறது என்று அவராகவே சொன்னார். முதலாளி திரைக்குள் எட்டிப் பார்த்தார். அப்புறம் ஏதோ கணக்குச் சரி பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார்.

சனிக்கிழமை ஆறரைக்கு மாஸ்டர் இடது கையில் கம்பி வலைக் கையுறையை மாட்டிக்கொண்டு கத்தியை எடுத்தார். உயரமான ஸ்டூலில் ஒரு பக்க இடுப்பைச் சாய்த்துக்கொண்டார். அறுபது அடுக்கு வெட்டி முடித்தால் பத்து நிமிஷம் உட்கார்ந்தார். நடுவில் கால் ஒரு முறை அடம் பிடித்தது. ஏசிக்கு நேரே நின்று அதைச் சமாதானப்படுத்தினார். கடைசி அறுபதை வெட்டும்போது மணி ஐந்தாகிவிட்டது. அது அவருடைய பழைய வேகம் இல்லை என்பது அவருக்கும் தெரிந்தது, முதலாளிக்கும் தெரிந்தது.

வெட்டு சரியா என்று பார்க்க ஒரே வழிதான். அறுபதில் மேல் துண்டையும் அடித் துண்டையும் உருவி, ஒன்றன்மேல் ஒன்று வைக்க வேண்டும். முதலாளியே கைக்குழியை உருவி வைத்தார். ஸ்கேலைப் போட்டார். குனிந்து பார்த்தார்.

"ரெண்டு" என்றார்.

"ரெண்டுக்கும் கொஞ்சம் குறைவு" என்றார் மாஸ்டர், நின்ற இடத்திலிருந்தே.

வெளியிலிருந்து ஆளைக் கூப்பிடுவதைப் பற்றி முதலாளி ஒன்றும் பேசவில்லை. மாஸ்டரும் கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்து அக்கா வந்தார், கையில் ஒரு பொட்டலம்.

"பயப்படாத, பொடி இல்ல. சந்தையில வாங்கின பச்சைக் காளான். சமைச்சுச் சாப்பிடலாம்னு டாக்டர்கிட்டக் கேட்டுட்டேன்."

நாலு சுற்று டேப் போட்டிருந்தது. முதலாளி ஆர்வமாக வாங்கி அப்படியும் இப்படியும் திருப்பினார். நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு மேசைமேல் கிடந்த பெரிய கத்தரியை நோக்கிக் கை நீட்டினார்.

"அதைத் தொடாதீங்க" என்றார் மாஸ்டர்.

முதலாளி கையை இழுத்துக்கொண்டு, பொட்டலத்தைப் பல்லால் கடிக்க ஆரம்பித்தார்.